போத்தல் மீனும் ஒரு சிட்டிகை இரையும்

எமது வீட்டில் ஒரு பைட்டர் மீன் இருந்தது. தம்பி கேட்டான் என்று வாப்பா கல்முனையிலிருந்து வாங்கி வந்தது. நீல உடல், சிவந்த செட்டைகள். இரண்டு லீற்றர் கண்ணாடிப் போத்தலில், விறாந்தை மேசையில் அதன் குடியிருப்பு. பாடசாலைக்குப் புறப்படுமுன் தம்பி ஒரு சிட்டிகை இரை போடுவான். அஸர் தொழுதுவிட்டு வரும் உம்மம்மா, "பாவம், வாயத் திறந்து திறந்து கேக்குதே" என்று ஒரு சிட்டிகை போடுவார். இரவில் படிக்க உட்காரும்போது நான் ஒரு சிட்டிகை போடுவேன். போட்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. மூன்றாவது வாரம் மீனின் வயிறு பருத்தது. ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தது. சாப்பாடு போதாமல்தான் வாடுகிறது என்று இன்னொரு சிட்டிகை போட்டோம். மறுநாள் சுபஹுக்குப் பின் பார்த்தபோது அது இறந்து கிடந்தது.

அந்த மீன் பசியால் சாகவில்லை. எங்கள் மூவரின் இரக்கமும் ஒன்றுசேர்ந்தே அதைக் கொன்றது என்பது, இது பற்றித் தேடி வாசித்தபோதுதான் எனக்கு விளங்கியது. உயிரியல் பாடத்தில் நாம் கற்கும் சமிபாடு, சுவாசம், கழிவகற்றல் ஆகிய மூன்றும் ஒரு சிறு போத்தலுக்குள் எவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

வயல்நீரின் பிள்ளை

நாம் பைட்டர் என்று அழைக்கும் மீனின் விஞ்ஞானப் பெயர் பெட்டா ஸ்பிளென்டென்ஸ். 1910இல் சார்ள்ஸ் டேட் ரீகன் என்னும் ஆங்கிலேய மீனியலாளர் இப்பெயரை வழங்கினார். இதன் தாயகம் தாய்லாந்து. அந்நாடு 2019இல் இதனைத் தனது தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது. அங்கே இது வாழ்வது பெரிய ஆறுகளின் நடுவில் அல்ல. வயல்களிலும் வாய்க்கால்களிலும் புல் மண்டிய சதுப்புகளிலுமே. ஒலுவிலைச் சூழ்ந்த வயல்நிலங்களைப் பார்த்து வளர்ந்த எமக்கு அத்தகைய இடம் புதிதல்ல.

இதன் உறவினர்களும் எமக்குப் புதியவர்கள் அல்லர். குளத்திலும் வயலிலும் பிடிபடும் பனையான், நூல்களில் பனையேறிக் கெண்டை எனப்படுவது, இதே கூட்டத்தைச் சேர்ந்தது. 1791இல் தமிழகத்தின் தரங்கம்பாடியில், அக்காலத்தில் அது டேனியர் வசமிருந்தது, டால்டோர்ஃப் என்னும் அதிகாரி ஒரு பனைமரத்தில் இம்மீனைப் பிடித்ததாக எழுதினார். அக்குறிப்பு 1797இல் இலண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. மீன் பனையேறுமா என்பதில் அறிஞர்கள் ஐயம் கொண்டாலும், அது ஈரத்தரையில் ஊர்ந்து செல்லும் என்பதும் காற்றைச் சுவாசிக்கும் என்பதும் உண்மை. இலங்கைக்கு மட்டுமே உரிய மல்புளுட்டா என்னும் சிறு மீனும் இக்கூட்டத்தினதே. 1937இல் பி. ஈ. பி. தெரணியகல அதனை விவரித்தார்.

இம்மீன்களை ஒரே கூட்டமாக்குவது ஓர் உறுப்பு. மீன்கள் பூக்களால், அதாவது செவுள்களால், நீரில் கரைந்துள்ள ஒட்சிசனைப் பெறுகின்றன. பைட்டருக்கும் பனையானுக்கும் பூக்களுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக அமைந்து குருதிக் குழாய்கள் நிறைந்த மேலதிகச் சுவாச உறுப்பு ஒன்று உண்டு. லெபிரிந்த் உறுப்பு என்பது அதன் பெயர். வாயால் காற்றை விழுங்கி, அந்த உறுப்பில் தேக்கி, அதிலிருந்து ஒட்சிசனைப் பெறுகின்றன. வயல்நீர் வெயிலில் சூடாகி ஒட்சிசன் குறையும்போதும் இவை பிழைத்திருப்பது இதனால்தான். இந்த உறுப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உம்மம்மாவின் இரக்கம் வழிதவறிய இடம் இதுவே.

வாய் திறப்பதெல்லாம் பசியல்ல

பைட்டர் அடிக்கடி மேலே வந்து வாயைத் திறக்கும். பெரும்பாலான வேளைகளில் அது இரை கேட்பதில்லை; மூச்சு வாங்குகிறது. ஆளைக் கண்டதும் துள்ளி வருவதும் பசிக்கு உறுதியான சான்று அல்ல. இந்த மனிதர் வந்தால் இரை வரும் என்று அது பழகிக்கொள்கிறது. இயற்கையில் அதன் உணவு பூச்சிகளும் புழுக்களும் நீரிலுள்ள சிற்றுயிர்களும். அவை நேரத்துக்குக் கிடைப்பவை அல்ல. ஆகவே கண்ட இரையை உடனே விழுங்குவதே அதன் இயல்பு. போதும் என்று அது நிறுத்தும் என எதிர்பார்ப்பது எமது தவறு.

மறுபுறம், அதன் தேவை மிகச் சிறியது. பூனையும் புறாவும் உடலைச் சூடாக வைத்திருக்கவே உணவில் பெரும் பங்கைச் செலவிடுகின்றன. மீனின் உடல் வெப்பநிலையோ நீரின் வெப்பநிலையோடு மாறுவது. அந்தச் செலவு அதற்கு இல்லை. வளர்ந்த பைட்டரின் நீளம் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர். அதன் இரைப்பை ஏறக்குறைய அதன் கண்ணளவு என்பது மீன் வளர்ப்போரின் கைக்கணக்கு. இரைப்பை ஓரளவு விரியும் என்பதால் இது துல்லியமான அளவு அல்ல. ஆயினும் ஒரு சிட்டிகைத் தூளை அந்தக் கண்ணின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எமது பிழை தெரியும்.

பைட்டர் ஊனுண்ணி. ஊனுண்ணி மீன்களின் குடல், தாவரம் உண்ணும் மீன்களின் குடலைவிடக் குறுகியது. பாண் துண்டு, பிஸ்கட் தூள், சோறு போன்ற மாப்பொருள்கள் அதற்கு ஏற்றவை அல்ல. இயற்கை இரையான பூச்சிகளின் ஓட்டில் சமிக்காத பகுதி உண்டு. குடலில் உள்ளதை முன்னே தள்ள அது உதவுகிறது. உலர்ந்த தீன் மணிகளை மட்டும், அதுவும் அளவின்றிக் கொடுத்தால் மலம் இறுகித் தேங்குகிறது, வயிறு பருக்கிறது.

குடலுக்கு மேலேதான் காற்றுப்பை இருக்கிறது. மேலும் கீழும் சிரமமின்றி நிற்க மீனுக்கு உதவுவது அந்தப் பையே. வீங்கிய குடல் அதனை நெருக்கும்போது மீன் சமநிலை இழக்கிறது. ஒரு பக்கம் சாய்கிறது. மேலே மிதந்து கீழிறங்க முடியாமல் தவிக்கிறது. அல்லது அடியில் கிடந்து மேலே வரச் சிரமப்படுகிறது. மேலே வந்து காற்றை விழுங்க வேண்டிய ஓர் உயிருக்கு இது எத்தகைய இடர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உண்ணாத இரை எங்கே போகிறது?

இதுவரை கூறியது வயிற்றுக்குள் போன இரை பற்றி. போகாத இரையே பெரும்பாலும் முதலில் கொல்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பைட்டருக்கான நல்ல தீனில் புரதம் நூற்றுக்கு 40 அளவில் இருக்கும். புரதத்தின் நிறையில் நூற்றுக்கு 16 பங்கு நைதரசன். மீன் உண்ணாமல் விட்ட தீன் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மில்லிகிராம், என்று கொள்வோம். அதில் புரதம் 40 மில்லிகிராம், நைதரசன் 6.4 மில்லிகிராம். அது முழுவதும் அழுகி அமோனியாவாக மாறினால், எங்கள் இரண்டு லீற்றர் போத்தலில் லீற்றருக்கு 3.2 மில்லிகிராம் அமோனியா நைதரசன் சேரும். நலமான தொட்டியில் அமோனியாச் சோதனை காட்ட வேண்டிய அளவு பூச்சியம். ஒரு சிட்டிகையின் மிச்சம் இதைச் செய்யுமானால் மூன்று பேரின் மூன்று சிட்டிகைகள் என்ன செய்யும்?

உண்ட இரையும் இதிலிருந்து தப்புவதில்லை. மீன் தன் நைதரசன் கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாகவே, பூக்கள் வழியே நீரில் வெளியேற்றுகிறது. பெரிய குளத்தில் அது கலந்து ஐதாகிவிடும். நன்கு நிலைத்த தொட்டியில் ஒருவகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், வேறொருவகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் நஞ்சு, மூன்றாவதன் தீங்கு மிகக் குறைவு. ஆனால் இந்தப் பற்றீரியாக்கள் ஒரு தொட்டியில் நிலைபெறச் சில வாரங்கள் செல்லும். நன்றாகத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் நிரப்பிய போத்தலில் அவை ஏறக்குறைய இல்லை.

நீரின் தன்மையும் இங்கே முக்கியமானது. அமோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கும். அமோனியம் அயனாக இருக்கும்போது அதன் தீங்கு குறைவு. அயனாகாத அமோனியாவாக இருக்கும்போது கொடியது. 25 பாகை செல்சியஸில் பி.எச். பெறுமானம் 7 ஆயின் கொடிய வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பி.எச். 8 ஆயின் அது நூற்றில் 5 பங்கைத் தாண்டும். ஒரே அளவு அழுக்கு, ஒரு வீட்டுக் கிணற்றுநீரில் மீனை விட்டுவைத்து, அடுத்த வீட்டு நீரில் கொன்றுவிடுவது இதனாலும் நேரலாம். வெப்பம் கூடினாலும் கொடிய வடிவம் கூடும். சித்திரை, வைகாசி வெயிலில் எமது கரையோர வீடுகளில் போத்தல்நீர் எவ்வளவு சூடாகும் என்பது தெரிந்ததே.

அமோனியா முதலில் தாக்குவது பூக்களை. பூக்கள் பழுதடைந்தால் மீன் நீரிலிருந்து ஒட்சிசன் பெறச் சிரமப்படும். எனவே முன்னிலும் அதிகமாக மேலே வந்து காற்றை விழுங்கும். அதைப் பார்க்கும் நாம், "பாவம், பசிக்கிறது" என்று இன்னும் இரை போடுகிறோம். இரை அழுகுகிறது, அமோனியா கூடுகிறது, மீன் மீண்டும் வாயைத் திறக்கிறது. எங்கள் வீட்டு மேசையில் மூன்று வாரங்கள் நடந்தது இதுதான்.

அடையாளங்களும் செய்ய வேண்டியவையும்

பக்கவாட்டில் மட்டுமன்றி மேலிருந்தும் மீனைப் பார்க்க வேண்டும். இரை உண்டபின் வயிறு சற்று உருண்டிருப்பது இயல்பு. மறுநாளும் அது குறையாமல் இருத்தல், மலம் கழியாமை, இரையை வாயில் எடுத்துத் துப்புதல், சாய்ந்து நீந்துதல், ஓரத்தில் அசையாமல் கிடத்தல் ஆகியவை எச்சரிக்கைகள். பெண் மீனாயின் வயிற்றில் முட்டை இருக்கலாம் என்பதையும் எண்ண வேண்டும். செதில்கள் அன்னாசித் தோல்போல வெளியே தூக்கி நின்றால் அது வெறும் மலச்சிக்கல் அல்ல. உடலில் நீர் கோத்த நிலை. பெரும்பாலும் கிருமித் தொற்று, சிறுநீரகப் பாதிப்பு என்பவற்றின் விளைவு. அந்நிலையில் மீள்வது அரிது.

வயிறு பருத்து, செதில்கள் படிந்தே இருந்தால் முதல் மருந்து பட்டினி. இரண்டு அல்லது மூன்று நாட்கள் இரை வேண்டாம். நீரின் மூன்றிலொரு பங்கை மாற்றி, வெப்பநிலையை 26 பாகை செல்சியஸ் அளவில் வைத்தால் சமிபாடு நன்கு நடக்கும். மாரி காலத்தில் நீர் குளிர்ந்தால் சமிபாடும் மந்தமாகும். அப்போது இரையைக் குறைப்பதே முறை. வயிறு வற்றியபின் சிறிதளவு டெஃப்னியா என்னும் நீர்த்தெள்ளைக் கொடுக்கலாம். அதன் மெல்லிய ஓடு குடலுக்கு உதவும். அவித்த பட்டாணிக் கடலையைச் சிலர் பரிந்துரைப்பர். ஊனுண்ணியான பைட்டருக்கு நீர்த்தெள்ளே பொருத்தம். நோய் இன்னதென்று தெரியாமல் மருந்துகளை ஊற்றக்கூடாது.

வருமுன் காப்பது இதனினும் எளிது. வளர்ந்த மீனுக்கு ஒரு வேளைக்குப் பைட்டர் தீன் மணிகள் 2 முதல் 4 வரை, நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு வேளை போதுமானது. சிட்டிகையாக அள்ளாமல் எண்ணிப் போட வேண்டும். மணிகளைச் சில நிமிடங்கள் நீரில் ஊறவைத்துக் கொடுப்பது நல்லது. இரண்டு மூன்று நிமிடங்களில் உண்ணாததைத் துளிகுழாயால் அகற்ற வேண்டும். வாரத்தில் ஒருநாள் இரையின்றி விடலாம். குஞ்சுகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவற்றுக்குச் சிறிது சிறிதாக அடிக்கடி இரை வேண்டும்.

போத்தலுக்குப் பதிலாக 10 லீற்றருக்குக் குறையாத தொட்டியும், வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீர்மாற்றமும் மீனின் ஆயுளைக் கூட்டும். குழாய்நீராயின் வாயகன்ற வாளியில் ஒருநாள் வைத்துக் குளோரின் நீங்கியபின் ஊற்ற வேண்டும். பெருநாளுக்கு வெளியூர் போகும்போது மூன்று நாள் இரையை ஒரேயடியாகக் கொட்டிச் செல்வதை நாம் காண்கிறோம். நலமாக இருக்கும் வளர்ந்த மீன் மூன்று நாட்கள் இரையின்றி இருக்கும். அழுகிய நீரில் மூன்று நாட்கள் இருப்பதுதான் அதற்குக் கடினம்.

நுளம்புக் குடம்பி பற்றி ஓர் எச்சரிக்கை

பைட்டருக்கு மிகவும் விருப்பமான இரை நுளம்புக் குடம்பி. ஆகவே முற்றத்தில் ஒரு வாளியில் நீரைத் தேக்கிக் குடம்பி வளர்ப்போர் உள்ளனர். மீனுக்கு அது நல்ல உணவே. ஊருக்கு அது நல்லதல்ல. ஒருநாள் எடுக்க மறந்தாலும் மிஞ்சிய குடம்பிகள் நுளம்பாகிப் பறந்துவிடும். டெங்கைப் பரப்பும் நுளம்பு வீட்டைச் சுற்றியுள்ள தெளிந்த நீரிலேயே பெருகுவது. எமது நாட்டில் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டமும் இதனைத் தடுக்கிறது. மீனுக்குச் செய்யும் உபகாரம் அயல்வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சலாகக் கூடாது.

அளவும் அமானிதமும்

உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள் என்ற கருத்தை அல்குர்ஆனின் அஃராஃப் அத்தியாயம் 31ஆவது வசனம் எமக்குக் கற்பிக்கிறது. வயிற்றில் ஒரு பங்கை உணவுக்கும் ஒரு பங்கை நீருக்கும் ஒரு பங்கை மூச்சுக்கும் விடும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதைத் திர்மிதி பதிவுசெய்துள்ளது. முன்னர் உண்டது செரித்ததை அறிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்ற பொருளைத் திருக்குறளின் மருந்து அதிகாரமும் சொல்கிறது. இவற்றை எமது தட்டுக்கு உரியவையாகவே கற்றோம். எமது கையிலிருந்து உண்ணும் உயிரின் தட்டுக்கும் அவற்றைக் கொண்டுசெல்ல நான் நினைத்ததில்லை. மூச்சுக்கென ஒரு பங்கு விட வேண்டும் என்ற வழிகாட்டலை, காற்றை விழுங்கி வாழும் இம்மீனைப் பார்த்தபின் நான் வேறு கண்ணோடு படிக்கிறேன்.

பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானே இரை தேடிக்கொள்ளவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதனைப் பட்டினி போடுவதற்கு எதிரான எச்சரிக்கையாகவே நாம் புரிந்துகொள்கிறோம், அது சரியே. ஆயினும் அதில் அடைத்துவைத்தவரின் பொறுப்பும் இருக்கிறது. வயலில் வாழும் மீன் அழுக்கு நீரை விட்டு அடுத்த வரம்போரம் போய்விடும். போத்தல் மீனுக்குப் போக இடமில்லை. நாம் போடுவதை அது உண்ண வேண்டும். உண்ணாததற்குள் வாழவும் வேண்டும். அடைத்துவைத்த உயிர் எம்மிடமுள்ள அமானிதம். அதனைப் பட்டினி போடாமல் இருந்தால் மட்டும் அந்தப் பொறுப்புத் தீர்ந்துவிடாது.

இப்போது எங்கள் வீட்டில் இன்னொரு பைட்டர் இருக்கிறது. போத்தல் இல்லை, 15 லீற்றர் தொட்டி. தொட்டியின் பக்கத்தில் ஒரு கலண்டர் தொங்குகிறது. இரை போட்டவர் அன்றைய திகதியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இருந்தால் மற்றவர்கள் போடக்கூடாது. வெள்ளிக்கிழமைக் கட்டத்தைத் தம்பி சிவப்பால் அடித்துவைத்திருக்கிறான். அன்று இரை இல்லை. உம்மம்மாவுக்கு மட்டும் இன்னும் மனம் கேட்பதில்லை. அஸருக்குப் பின் தொட்டியருகே வந்து நிற்பார், கலண்டரைப் பார்ப்பார். "மூச்சுத்தானே வாங்குது?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் நகர்வார்.